கார் கடை ஒயர பிளேன்ல போட்டா என்ன?

பிப்ரவரி 8 (ஒரு வாசகர் கேட்டது)

அண்ணா, டாலஸ் பக்கத்துல வீட்டு கராஜ்லயே ஆர்வி-9ஏ (பார்ட்ஸா வாங்கி நாமளே கட்டுற ரெண்டு சீட் பிளேன்) கட்டிக்கிட்டு இருக்கேன். ரிவெட் அடிச்ச சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரர் பேசுறதையே நிறுத்திட்டார். இப்ப வயரிங்குக்கு வந்திருக்கேன். கார்லயும் 12 வோல்ட், இதுலயும் 12 வோல்ட். ஆட்டோ பார்ட்ஸ் கடைல கலர் கலரா ஒயர் ரோல் ரோலா கிடக்கு, அதையே ஏரோபிளேன் ஒயர்னு கேட்டா விலை எங்கயோ போகுது. தான் எதுக்குள்ள ஓடுறோம்னு கரண்டுக்குத் தெரியுமா? லக் (ஒயர் முனைல மாட்டுற மெட்டல் காது) எல்லாத்துக்கும் கிரிம்புக்கு (டூலால நசுக்கி இறுக்கறது) பதிலா ஈயம் வச்சு பத்த வச்சிடலாம்னு இருக்கேன், அதான் ஸ்ட்ராங். கட்டுறதுக்கு ஜிப் டை (இழுத்து இறுக்குற நைலான் பட்டை) ஒரு மூட்டை வாங்கியாச்சு. இதுல ஏதாவது தப்பா?

பிப்ரவரி 8, ராத்திரி

கரண்டுக்குத் தெரியாதுதான் தம்பி. புகைய இழுக்கப்போற உங்களுக்குத் தெரியும். கார்ல ஒயர் கருகுனா ஓரங்கட்டி கதவத் திறந்து இறங்கிடலாம், 6000 அடில ஓரம் எங்க இருக்கு? கார் கடைல விக்கிற சாதா ஒயர் பிவிசி, 80 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் அதுக்கு ரேட்டிங். கருகுனா வர்ற புகைல ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், கண்ணும் தொண்டையும் எரியும், மீட்டரப் பாக்கவே முடியாது. ரெண்டு பேர் தோள் இடிச்சுக்கிட்டு உக்கார்ற காக்பிட்ல அந்தப் புகை நிரம்ப ரொம்ப நேரம் ஆகாது.

நீங்க வாங்க வேண்டியது எம்22759/16னு நம்பர் அச்சடிச்ச ஒயர். டெஃப்செல் இன்சுலேஷன், 150 டிகிரி, 600 வோல்ட், வெள்ளீயம் பூசின காப்பர் இழை, 22 கேஜ்ல (கேஜ் நம்பர் கூடக் கூட ஒயர் மெல்லிசு) 19 இழை இருக்கும். மெல்லிசா வழவழன்னு இருக்கும், லேசுல பத்திக்காது, நெருப்ப எடுத்துட்டா தானா அணைஞ்சுடும். விலை கூடதான், ஆனா முழு பிளேனுக்கும் வாங்குனாலும் நீங்க பேனல்ல மாட்டப்போற ஒரு ரேடியோ விலை வராது. அங்க அள்ளி விட்டுட்டு இங்க மிச்சம் புடிக்கிறது என்ன கணக்குனு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல, நான் பிளேன் ரிப்பேர் பாக்குற ஹாங்கருக்கு (பிளேன் நிறுத்துற கொட்டகை) வர்ற பாதிப்பேர் இதத்தான் பண்றாங்க.

ஈயம், ஜிப் டை ரெண்டும் அப்புறம் எழுதுறேன். காலைல ஒரு ஆனுவல் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு.

பிப்ரவரி 9

எதிர்பாத்த கேள்வி வந்துடுச்சு. "60, 70கள்ல வந்த செஸ்னா, பைப்பர் பிளேன் எல்லாத்துலயும் பிவிசிதானே சார், அதெல்லாம் பறக்கலையா?"

பறக்குது சார். அன்னிக்கு மிலிட்டரி ஸ்பெக்கே பிவிசி மேல நைலான் போத்தின ஒயர்தான், அப்போ கிடைச்சதுல அது நல்ல சரக்கு. ஆனா அந்த வயசு பிளேன் ஒண்ணோட பேனலுக்குக் கீழ மல்லாக்கப் படுத்து, பிரேக்கர் (கரண்ட் மீறுனா தானா தட்டி துண்டிக்கிற சுவிட்ச்) வரிசைக்குப் பின்னாடி கை விட்டுப் பாருங்க. நைலான் மஞ்சளா பழுத்து, வளைச்ச இடத்துல எல்லாம் பொடிப்பொடியா கையோட வரும். அது சும்மா கிடக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. புது ரேடியோ மாட்டுறேன்னு யாராவது உள்ள புகுந்து இழுத்தாதான் வினை.

பிப்ரவரி 11

ஈயத்துக்கு வரேன். ரேடியோ ரிப்பேர் கடை வாசல்ல நின்னு வளந்தவங்க யாரும் இத ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல, படிச்சுட்டு திட்டுங்க.

ஒயர்ல 19 இழை எதுக்கு வச்சிருக்கான்? வளையணும், அதிரணும், அப்பவும் அறுந்துடக் கூடாது. நீங்க ஈயத்த உருக்கி விட்டதும் அது லக்கோட நிக்காது. இழைகளுக்கு நடுவுல ஏறி இன்சுலேஷனுக்கு அடில போயிடும், திரில எண்ணெய் ஏறுமே அந்த மாதிரி. அது ஏறின தூரம் வரைக்கும் 19 இழையும் சேந்து ஒரே கம்பி. அந்தக் கம்பி முடிஞ்சு இழை தொடங்குற எடம் எதுவோ, அதிர்வு முழுக்க அங்கதான் போய் நிக்கும். இன்ஜின் 2400 ஆர்பிஎம்ல மணிக்கணக்கா ஓடும்போது அந்த ஒரே புள்ளில ஒவ்வொரு இழையா அறும். கொடுமை என்னன்னா அது இன்சுலேஷனுக்கு உள்ள நடக்குது, வெளிய பாத்தா ஒயர் புதுசா இருக்கும். லேசா இழுத்தா ரப்பர் மாதிரி நீளும், உள்ள ஒண்ணும் இருக்காது.

நல்ல கிரிம்ப்ல ரெண்டு பிடி உண்டு. முதல் பிடி இழைகள நசுக்கி காத்து கூட புகாத மாதிரி இறுக்கும். ரெண்டாவது பிடி இன்சுலேஷன அணைச்சுக்கும், அதனால ஒயர் ஆடுனாலும் ஆட்டம் இழைக்குப் போகாது. ஏரோபிளேன் லக்ல பிளாஸ்டிக்குக்கு உள்ள தனியா ஒரு காப்பர் சிலீவ் இருக்கிறது இந்த ரெண்டாவது பிடிக்குத்தான். கார் கடை லக்ல பெரும்பாலும் அது கிடையாது, வெறும் பிளாஸ்டிக்தான். வெளிய பாத்தா ரெண்டும் ஒரே சிவப்பு ஒரே நீலம், வெட்டிப் பாத்தாதான் தெரியும். ஒண்ண வெட்டிப் பாருங்க, எல்லாருக்கும் சொல்றேன்.

டூல் ராட்செட் வச்சது வாங்குங்க. முழுசா அமுக்காம அது கைய விடாது. பிளையர்ல கடிச்சு விட்ட லக்க நான் பாத்தாலே வெட்டிப் போட்டுடுவேன், யார் வேலைன்னு கேக்கறதே இல்ல.

பிப்ரவரி 11, கொஞ்ச நேரம் கழிச்சு

சிவப்பு 22ல இருந்து 16 கேஜ் வரைக்கும், நீலம் 16, 14, மஞ்சள் 12, 10. கலர் பாத்து டூல்ல அதே கலர் பொந்துல வைக்கணும். இத எழுதாம விட்டா நாளைக்கு கேள்வி வரும்.

பிப்ரவரி 12

"ஏசி 43.13-1பில ஈயம் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"ன்னு ஒருத்தர் மடக்கிட்டார். எஃப்ஏஏ (அமெரிக்க அரசோட விமானத் துறை அமைப்பு) 1998ல போட்ட அந்த ரிப்பேர் முறைப் புத்தகத்துல மொத்தமா தடைன்னு எதுவும் இல்ல, ஒத்துக்கறேன். ஷீல்டு ஒயரோட (மேல மெட்டல் வலை போத்தின ஒயர்) வலைய எர்த் பண்ற சால்டர் சிலீவ் (உள்ள ஈயம் வச்ச குழாய்) நானே போடுறேன், சில கனெக்டர் பின்னுக்கும் ஈயம்தான். ஆனா அங்கெல்லாம் ஒயர் அதுக்குப் பின்னாடியே கிளாம்ப்ல உக்காந்துடும், ஈயம் வச்ச எடம் ஆடாது. இன்ஜின் பக்கம் காத்துல தொங்குற லக்குக்கு மட்டும் வேணாம். நேத்து எழுதுனத விட இது கொஞ்சம் மென்மையா இருக்குன்னு தெரியும். விஷயம் ஈயமா கிரிம்பாங்கறது இல்ல, அதுக்கு அடுத்த ரெண்டு இஞ்ச் ஒயர யார் பிடிச்சிருக்காங்கறதுதான்.

எனக்கு இந்த வேலைல வருஷம் போகப் போக தோணுறது இதான். சின்ன பிளேன்ல ஒயர் கெடுறது பெரும்பாலும் கரண்ட்னால இல்ல. உரசி, ஆடி, வளைஞ்சு, சூடாகித்தான் கெடுது. எலக்ட்ரிகல் படிச்சவங்க சர்க்யூட் வரைபடத்த அழகா போட்டுடுவாங்க, ஒயர எங்க கட்டப் போறீங்கன்னு கேட்டா முழிப்பாங்க.

பிப்ரவரி 12, ராத்திரி

இழுத்துப் பாக்கறது எவ்ளோ? லக்க வைஸ்ல மாட்டி ஒயர ஸ்பிரிங் தராசுல இழுங்க. 22 கேஜ் 15 பவுண்டு தாங்கணும், 20 கேஜ் 19, 18 கேஜ் 38. இத பிளேன்ல போட்ட லக்குல பண்ணாதீங்க, அதே டூல்ல அதே டப்பா லக்க சாம்பிளா போட்டுப் பண்ணுங்க. பிளேன்ல இருக்கிறத கையால ஒரு தடவ இழுத்தா போதும்.

பிப்ரவரி 15

ஜிப் டை. மூட்டைய தூக்கிப் போட வேணாம், ஆனா இன்ஜின் பக்கம் கொண்டு போகாதீங்க.

ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவுல இருக்கிற நெருப்புத் தடுப்பு) முன்னாடி எல்லாரும் பண்றது இது: இன்ஜின் மவுண்ட் ட்யூபோட (இன்ஜினத் தாங்குற ஸ்டீல் குழாய்) சேத்து ஒயர ஜிப் டைல இழுத்துக் கட்டிடுவாங்க. பாக்க சுத்தமா இருக்கும். சூட்டுல நைலான் காஞ்சு கெட்டியாகும், அதிர்வுல மயிரிழை ஆடும், பறக்கும் போதெல்லாம் மண்ணும் தூசியும் அதுக்கு அடில போய் உப்புத்தாள் வேலை பாக்கும். நைலான் ஸ்டீல அறுக்குமான்னு கேப்பீங்க. அறுக்கும். டைய வெட்டி எடுத்துட்டு ட்யூப் மேல நகத்த ஓட்டுனா பள்ளம் தட்டுப்படும், பெயிண்ட் போயி, உள்ள துரு. மவுண்ட் ட்யூப் சுவர் அப்படி ஒண்ணும் தடி கிடையாது. அது தாங்கிட்டு இருக்கிறது உங்க இன்ஜின.

அங்க போட வேண்டியது ஏடெல் கிளாம்ப், எம்எஸ்21919. மெட்டல் பட்டைக்கு உள்ள ரப்பர் மெத்தை வச்சது. மெத்தைலயும் ரகம் இருக்கு, எண்ணெய் பெட்ரோல் படுற எடத்துக்கு நைட்ரைல், சூடான எடத்துக்கு சிலிகான், ஆனா சிலிகான் மேல எண்ணெய் பட்டா ஊறிப் போயிடும். கட்டு கிளாம்புக்குள்ள திருகாம நிக்கணும், அதுக்காக ஒயர நசுக்கவும் கூடாது. சைஸ் எடுக்க ஒயர் கட்டோட போயி நாலஞ்சு சைஸ மாட்டிப் பாக்கறதுதான் வழி, அளந்து வாங்குனா பொருந்தாது.

கிளாம்ப் போடும்போது வாயில வர்ற வார்த்தைய இங்க எழுத முடியாது. ரெண்டு கிளாம்ப முதுகோட முதுகு வச்சு ஒரே போல்ட்டுல மாட்டுற வேலை இருக்கே, அதுக்கு மூணு கை வேணும். ஒரு பொடி சேஃப்டி ஒயரால (மெல்லிசு ஸ்டீல் கம்பி) ரெண்டையும் முதல்ல இறுக்கிக் கட்டிட்டு, போல்ட் ஏறின பிறகு வெட்டி உருவிடுங்க.

பிப்ரவரி 15, மறுபடியும்

ஜிப் டை போடுற எடத்துல வாலச் சாய்வா வெட்டாதீங்க. டையோட தலைக்குச் சமமா வெட்டுற கட்டர் இருக்கு. சாய்வா வெட்டுன வால் முனை பிளேடு. பேனல் அடில கை விடுற மெக்கானிக் யாரக் கேட்டாலும் முன்னங்கைய திருப்பிக் காட்டுவார்.

பிப்ரவரி 16

"லேசிங் கார்டு போடுற ஆள் இன்னும் இருக்காங்களா?" இருக்கோம். மெழுகு போட்ட தட்டை நூல், முதல்ல கிளவ் ஹிட்ச், அதுக்கு மேல சதுர முடிச்சு. கட்டுக் கட்டா இடைவெளி விட்டுத் தனித்தனி முடிச்சு, ஒரே நீள நூலா சுத்திக்கிட்டே போனா ஒரு எடம் அறுந்தா எல்லாம் அவுந்துடும். எடை கிடையாது, கூர் முனை கிடையாது, ஒயர கடிக்காது. வேகம்தான் இல்ல, பழகிட்டா ஜிப் டையோட போட்டி போடலாம்னு சொல்றவங்க ஜிப் டை போடத் தெரியாதவங்க.

கேபினுக்குள்ள, பேனலுக்குப் பின்னாடி, ஒயர ஒயரோட சேக்கறதுக்கு மட்டும் நல்ல ஜிப் டை ஓகே. ஒயர பிளேனோட சேக்கறதுக்கு கிளாம்ப். இந்தப் பாகுபாடு மனசுல இருந்தா நேத்து எழுதுன சண்டை பாதி தீந்துடும்.

பிப்ரவரி 19

ரூட்டிங் பத்தி எழுதச் சொல்லி மூணு பேர். இதுலதான் நேரம் போகணும், ஈயத்துல இல்ல.

பெட்ரோல் லைனுக்கு மேலயோ சமமாவோ ஒயர் போகணும், கீழ போகவே கூடாது. கசியுற பெட்ரோல் கீழதான் சொட்டும். 6 இஞ்ச் இடைவெளி விட முடிஞ்சா விடுங்க. முடியலன்னா ரெண்டையும் ஒரே சட்டத்துல கிளாம்ப் பண்ணி, ஒண்ணு ஆடி இன்னொண்ணு ஆடாத நிலைமை வராம பாத்துக்கணும். 2 இஞ்சுக்கும் கம்மின்னா முதுகோட முதுகு கிளாம்ப், அது இடைவெளிய காப்பாத்தறதுக்கு மட்டும், பெட்ரோல் லைன் ஒயர் எடையத் தாங்கக் கூடாது. அரை இஞ்சுக்கும் கீழன்னா வேற வழிய யோசிங்க. கிளாம்ப் பக்கத்துலயே ஒயர் அறுந்தாலும் தொங்குற முனை லைனத் தொடக் கூடாது, கிளாம்ப் இடைவெளிய அத மனசுல வச்சு முடிவு பண்ணுங்க. ஒரு ஷார்ட் வந்தா அலுமினியம் ட்யூப்ல ஓட்டை விழ ஒரு நொடி கூட வேணாம், ஓட்டையும் அங்கதான், பொறியும் அங்கதான்.

கண்ட்ரோல் கேபிள்ல (ஸ்டிக், ரட்டர் அசைவ இறக்கைக்கும் வாலுக்கும் கொண்டு போற கம்பி) இருந்து 3 இஞ்ச். இது நிறுத்தி வச்ச நிலைல அளக்கற அளவு இல்ல. ஸ்டிக்க நாலு மூலைக்கும், ரட்டர ரெண்டு பக்கமும் முழுசா தள்ளி, ஃபிளாப்ப இறக்கி, வேற ஒருத்தர டார்ச் அடிக்கச் சொல்லிப் பாருங்க.

கிளாம்ப் கிளாம்புக்கு 24 இஞ்சுக்கு மேல போகாதீங்க, நடுவுல விரலால அமுக்குனா அரை இஞ்ச் வரைக்கும் தொய்யலாம். வீணை கம்பி மாதிரி இழுத்துக் கட்டாதீங்க. ஓட்டை ஓரத்துல இருந்து கால் இஞ்சுக்குள்ள ஒயர் வருதுன்னா குரோமெட் (ஓட்டை ஓரத்துல மாட்டுற ரப்பர் வளையம்) கட்டாயம். இறக்கை ரிப் (உள்ள இருக்கிற குறுக்குச் சட்டம்) ஓட்டைகளுக்கு பிளாஸ்டிக் புஷிங் போட்டிருப்பீங்க, இல்ல நெளி ட்யூப் விட்டிருப்பீங்க, ரெண்டும் சரி. ஃபயர்வால்ல மட்டும் பிளாஸ்டிக் எதுவும் வேணாம். ஸ்டீல் ஃபிட்டிங், ஃபயர் சிலீவ், சூட்டுல உப்புற சீலன்ட், அவ்ளோதான்.

பிப்ரவரி 20

நேத்து எழுதுனதுக்கு ஒரு சாட்சி சொல்றேன். ஹாங்கருக்கு ஒரு நாலு சீட்டர் வந்துச்சு, லேண்டிங் லைட் பிரேக்கர் சில நாள் தட்டும் சில நாள் தட்டாதுன்னு கம்ப்ளைன்ட். வேற ஒரு கடைல பல்ப மாத்தி, சுவிட்ச மாத்தி, பிரேக்கரையும் மாத்திட்டாங்க. நான் பேனலுக்கு அடில படுத்து வீல (பைலட் பிடிச்சு ஓட்டுற ஸ்டீயரிங்) இழுக்கச் சொன்னேன். வீல முழுசா பின்னாடி இழுத்து இடது பக்கம் திருப்புனா மட்டும் அதோட தண்டு ஒரு ஒயர் கட்ட நக்கிட்டுப் போகுது. கட்டுல மேல இருந்த ஒயர்ல அரை இஞ்ச் நீளத்துக்கு இன்சுலேஷன் வழிச்செடுத்த மாதிரி போயிருக்கு, காப்பர் பளபளன்னு மின்னுது, மூணு நாலு இழை அறுந்து பிரஷ் மாதிரி நிக்குது. தண்டுல அதுக்கு நேரா ஒரு கறுப்புக் கோடு. பக்கத்து கிளாம்ப் இருக்க வேண்டிய எடத்துல வெறும் ஓட்டை.

இறங்கும்போது வீல இழுப்போம், லைட்டும் எரியும். அதான் சில நாள் தட்டும் சில நாள் தட்டாது.

பிப்ரவரி 22

பிரேக்கர் பேச்சு வந்ததால இத எழுதியே ஆகணும்.

2007 ஜூலை 10, ஃபுளோரிடா. ஒரு செஸ்னா 310ஆர். முந்தின நாள் ஓட்டுன பைலட் வெதர் ரேடார்ல இருந்து கருகல் நாத்தம் வருதுன்னு பிரேக்கர இழுத்து விட்டுட்டு, இறங்கினதும் எழுதியும் கொடுத்துட்டார். யாரும் சரி பண்ணல. மறுநாள் காலைல அதே பிளேன் கிளம்புச்சு. கொஞ்ச நேரத்துல காக்பிட்ல புகைன்னு சொல்லி சான்ஃபோர்டுக்குத் திருப்புனாங்க, ரன்வே வரைக்கும் வரல, வீடுகள் மேல விழுந்துச்சு. பிளேன்ல ரெண்டு பேர், தரைல மூணு பேர் போயிட்டாங்க. தெரிஞ்ச கோளாறோட பிளேன வெளிய விட்டதையும், தெரிஞ்சே எடுத்துட்டுப் போனதையும்தான் என்டிஎஸ்பி (அமெரிக்காவுல விபத்து விசாரிக்கிற அமைப்பு) காரணமா சொல்லுச்சு. இழுத்து வச்ச பிரேக்கர யாரோ திரும்ப உள்ள அமுக்கியிருக்கலாம்ங்கறதும் விசாரணைல வந்தது.

பிரேக்கர் தட்டுதுன்னா பறக்கும்போது திரும்பப் போடாதீங்க, பத்திரமா இறங்க அது இல்லாம முடியாதுன்னா தவிர. எஃப்ஏஏவும் பின்னாடி இதே அர்த்தத்துல தகவல் அறிக்கை விட்டாங்க. ஒரு தடவ போட்டுப் பாக்கலாம்னு பழைய இன்ஸ்ட்ரக்டர்கள் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. அந்த ஒரு தடவை போதும்.

பிப்ரவரி 22, ராத்திரி

"பிரேக்கர் ரேடியோவக் காப்பாத்தத்தானே, ரேடியோ 3 ஆம்ப்னா 3 ஆம்ப் போடணும்ல?" இல்ல ப்ரோ. பிரேக்கர் காப்பாத்துறது ஒயர. ரேடியோ தன்னத் தானே பாத்துக்கும். 22 கேஜுக்கு 5 ஆம்ப், 20க்கு ஏழரை, 18க்கு 10. ஒயர் என்னவோ அதுக்கு மேல போகாதீங்க. "அடிக்கடி தட்டுது, அதனால 10 போட்டுட்டேன்"னு சொல்ற ஆள என் கண்ணுல காட்டாதீங்க.

பிரேக்கர எங்க வைக்கிறீங்கங்கறதும் முக்கியம். பஸ்ஸுக்கு (கரண்ட எல்லா பிரேக்கருக்கும் பிரிச்சுக் கொடுக்கிற மெட்டல் பட்டை) பக்கத்துல. பஸ்ல இருந்து பிரேக்கர் வரைக்கும் இருக்கிற ஒயருக்குக் காவலே கிடையாது, அது எவ்ளோ குட்டியோ அவ்ளோ நல்லது.

பிப்ரவரி 23

ஒருத்தர் திருத்தியிருக்கார், சின்ன பிளேன் எல்லாம் 12 வோல்ட் இல்லன்னு. சரிதான், செஸ்னா 172 கூட 1978 மாடல்ல இருந்து 28 வோல்ட்டுக்கு மாறிடுச்சு. அதே லைட்டுக்கு பாதி கரண்ட், மெல்லிசு ஒயர் போதும். கேள்வி கேட்டவர் பிளேன் 12 வோல்ட் பேட்டரி, 14 வோல்ட் சிஸ்டம், அதனால நான் அதுக்கே எழுதுறேன்.

பிப்ரவரி 26

வேற எங்கயோ போகுது பேச்சு, போகட்டும். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே இன்ஜினுக்கு ஸ்பார்க் கொடுக்கிற சாமான்) பி-லீட் பத்தி கேட்டிருக்காங்க, அதாவது மேக்னெட்டோவ சாவியோட சேக்கற ஒயர்.

பிளேன்ல மத்த ஒயர் எல்லாம் அறுந்தா அந்த சாமான் செத்துடும். பி-லீட் அறுந்தா உயிர் வந்துடும். மேக்னெட்டோவ நிறுத்தறதே அந்த ஒயர் வழியா அத எர்த் பண்ணித்தான். ஒயர் போச்சுன்னா சாவி ஆஃப்ல இருந்தாலும் மேக்னெட்டோ ரெடியாதான் நிக்கும். அப்ப யாராவது புரொப்பெல்லர கையால லேசா நகத்துனா, சிலிண்டர்ல மிச்ச பெட்ரோல் இருந்தா, ஒரு உதை உதைக்கும். கை போயிடும். அதனால இன்ஜின் பக்கம் இருக்கிற ஒயர்லயே நான் அதிக நேரம் செலவு பண்றது இதுலதான். ஷீல்டு ஒயர், மேக்னெட்டோ கிட்ட சின்ன தளர்ச்சி, அதுக்கு அடுத்து உடனே ஒரு கிளாம்ப். நிறுத்தறதுக்கு முன்னாடி ஐடில்ல சாவிய ஒரு நொடி ஆஃப் வச்சு இன்ஜின் சாகப் போகுதான்னு பாக்கறத பழக்கமா வச்சுக்குங்க.

பிப்ரவரி 26, இன்னொண்ணு

எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, ரப்பர்ல கரண்ட் போகாது. இன்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவுல ஒரு பட்டை போடலன்னா, இல்ல அது அறுந்துச்சுன்னா, ஸ்டார்ட்டர் இழுக்கிற நூத்துக்கணக்கான ஆம்ப் திரும்பிப் போக வேற வழி தேடும். அது கண்டுபிடிக்கிற வழி உங்க த்ராட்டில் கேபிள், மிக்ஸ்ச்சர் கேபிள் (பெட்ரோல் காத்து கலவைய மாத்துறது). இன்ஜின் மாத்தி வந்த ஒரு பிளேன்ல ஸ்டார்ட்டர் சோம்பலா சுத்துது, த்ராட்டில் இறுக்கமா இருக்குன்னு ஓனர் சொன்னார். ரெண்டையும் தனித்தனி கம்ப்ளைன்டா ஷீட்ல எழுதியிருந்தார். ரெண்டும் ஒண்ணுதான். பட்டை போட்டதும் ஸ்டார்ட்டர் சரியாச்சு, கேபிள மாத்த வேண்டியதாயிடுச்சு, உள்ள வெந்து போயிருந்தது.

பட்டைக்கு அடில பெயிண்ட், அனோடைஸ் எதுவும் இருக்கக் கூடாது, பளபளன்னு தேச்சுட்டு மாட்டுங்க. பழைய பைப்பர் செரோக்கி வச்சிருக்கிறவங்க பேட்டரி கேபிள் அலுமினியமான்னு பாத்துக்குங்க, அது முனைல உப்புப் பூத்து நின்னா இதே சோம்பல்தான்.

மார்ச் 1

லேபிள் ஒட்டுங்க. ரெண்டு முனைலயும். "எனக்கே தெரியும்"னு சொல்லாதீங்க, அஞ்சு வருஷம் கழிச்சு பேனல திறக்கப் போறது நீங்க இல்ல, வேற ஒரு ஆளு, அவர் உங்களத்தான் திட்டுவார்.

டிரில் பண்ணும்போது பக்கத்துல இருக்கிற ஒயர் கட்ட துணி போட்டு மூடுங்க. அலுமினியத் தூள் கட்டுக்குள்ள போச்சுன்னா வேக்யூம் வச்சாலும் வராது, அதிர்வுல மெல்ல மெல்ல இன்சுலேஷனுக்குள்ள இறங்கும். கம்ப்ரெஸ்ஸர் காத்து அடிக்கிறவங்கள என்ன பண்றது, தூள இன்னும் உள்ள தள்ளி விடுறாங்க.

மார்ச் 4

கேள்வி கேட்ட தம்பி போட்டோ போட்டிருக்கார். டெஃப்செல் வாங்கிட்டார், ராட்செட் டூலும் வாங்கிட்டார், சந்தோஷம். மூணாவது போட்டோல ஆல்டர்நேட்டர் ஒயர் எக்ஸாஸ்ட் பைப்புக்கு ரொம்பக் கிட்டப் போகுது. சிலீவ் போட்டிருக்கேன்னு சொல்லுவீங்க, சிலீவ் வேணாம், வழிய மாத்துங்க, மவுண்ட்டோட மேல் ட்யூப் வழியா போக எடம் இருக்கு. நாலாவது போட்டோல கிளாம்ப் தலைகீழா இருக்கு, கட்டு போல்ட்டுக்கு மேல உக்காந்திருக்கு. ரப்பர் தளர்ந்தா கட்டு சாஞ்சு சட்டத்து விளிம்புல உரசும். கட்டு கீழ தொங்குற மாதிரி திருப்பிப் போடுங்க. ஒரே ஸ்டட்ல (லக் மாட்டுற மரை போட்ட கம்பி) அஞ்சு லக் அடுக்கியிருக்கீங்க, நாலுதான் கணக்கு. அஞ்சாவத பக்கத்து ஸ்டட்டுக்கு மாத்துங்க, ரெண்டையும் பட்டையால சேத்துடுங்க.

வளைவெல்லாம் நல்லா விட்டிருக்கீங்க. கட்டுல தடியான ஒயர் எதுவோ அதோட 10 மடங்கு ஆரம், லக் பக்கத்துல பிடிமானம் இருந்தா 3 மடங்கு. இதுல குறை இல்ல.

மார்ச் 5

பிட்டாட் ஹீட்டுக்கு (வேகம் அளக்கற குழாய்ல ஐஸ் பிடிக்காம இருக்க வைக்கிற ஹீட்டர்) 16 கேஜா 14 கேஜான்னு கடைசியா கேட்டிருக்கீங்க. 10 ஆம்ப்னு வச்சுக்குவோம், பேனல்ல இருந்து இறக்கைல அந்த எடம் வரைக்கும் சுமார் 15 அடி. 16 கேஜ் 1000 அடிக்கு 4.8 ஓம், அப்ப 0.72 வோல்ட் வழிலயே போகுது. 14 கேஜ் 1000 அடிக்கு சுமார் 3 ஓம், 0.45 வோல்ட். 14 வோல்ட் சிஸ்டத்துல தொடர்ந்து ஓடுற லோடுக்கு அரை வோல்ட் வரைக்கும் இழக்கலாம். அதனால 14 கேஜ், 15 ஆம்ப் பிரேக்கர். ரிட்டர்ன இறக்கைலயே எர்த் பண்ணிடுங்க, அலுமினிய இறக்கைதானே. ஹீட்டர் பக்கத்துல ஒரு கனெக்டர் போட்டா பிட்டாட் மாத்தும்போது இறக்கைக்குள்ள கை விட வேண்டியிருக்காது, இன்ஸ்பெக்‌ஷன் மூடிக்கு நேரா வர்ற மாதிரி வைங்க.